கோவில் பிறந்த வருஷம் எது? கல்தச்சர் சபையிடம் நாங்கள் கற்ற பாடம்

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்தான். பூஜை முடிந்து வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணி ஆத்திக்கிட்டு, நிதானமாகப் படியுங்க. கடைசியில் உங்ககிட்ட ஒரு உதவியும் கேட்டிருக்கிறோம்.

நன்னீராட்டு விழா மலர் வேலை நடப்பது உங்களுக்குத் தெரியும். அதில் "ஆலய வரலாறு" என்று இரண்டு பக்கம் ஒதுக்கி, தொண்டர்களாகிய எங்ககிட்ட எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். "இந்த ஆலயம் இன்ன வருஷம் தோன்றியது" என்று எழுத வேண்டும், அந்த வருஷம் எது?

பழைய மலரில் ஒரு வருஷம் இருக்கிறது. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் வேறு வருஷம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவரைக் கேட்டால், "ஜப்பான்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடிப்பா. எங்கப்பா பால் வெட்ட வந்தப்பவே மரத்தடியில அம்மா இருந்தா" என்கிறார். மூன்று பதில்.

கூட்டத்தில் இதை வைத்தோம். ஒருவர், "எது ரொம்பப் பழசோ அதையே போடுங்க, கோவிலுக்குப் பெருமை" என்றார். இன்னொருவர், "நாளைக்கு நில விஷயமா யாராவது ஆதாரம் கேட்டா மலரைக் காட்டுவீங்களா?" என்றார். பேச்சு முற்றி, இரண்டு பெரியவர்கள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வருஷக் கணக்குக்காக, ஒரே அம்மனைக் கும்பிடுகிறவர்கள்!

அந்தச் சமயத்தில்தான், கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக் கட்டடம்

எங்களில் சில தம்பிகள் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு தம்பி, ஃபோர்ட் கேனிங் மலை ஓரம் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டடத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். ஃப்ரீமேசன்கள் கூடும் மண்டபம் அது. 1879-இல் கட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னமோ செய்கிறார்கள் என்று அந்தக் காலத்து மலாய்க்காரர்கள் அதை "ரூமா ஹந்து", பேய் வீடு, என்றே சொன்னார்களாம். வட இந்தியாவிலும் இதே கதைதான். அங்கே இவர்கள் மண்டபத்துக்கு "ஜாதூ கர்", அதாவது மந்திர வீடு என்று பெயர்.

படம் வந்த அஞ்சு நிமிஷத்தில் குழுவில் "இலுமினாட்டி", "உலகத்தையே ஆட்டிவைக்கிற கூட்டம்" என்று ஒரே செய்தி. நமக்கும் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பிப் பழக்கம்தானே. ஆனால் ஒரு தம்பி, "அண்ணே, இவங்களுக்குள்ள தங்களோட வரலாற்றை ஆராயறதுக்கே தனியா ஒரு சபை இருக்காம்" என்றார். அந்த ஒரு வரி எங்களைப் பிடித்துக்கொண்டது. தேடிப் படிக்க ஆரம்பித்தோம். எஸ்.பி.எம். வரை படித்தவர்கள்தான் நாங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுப் படித்தோம்.

இவர்கள் யார்?

மேசன் என்றால் கல்தச்சர், கொத்தனார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய பெரிய தேவாலயங்கள் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டு அதில் தங்கி, கருவிகளை வைத்து, தொழில் பேசுவார்கள். அந்தக் கொட்டகைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். நாம நினைக்கிற மாதிரி தங்குகிற விடுதி இல்லை. பின்னால் கல் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வக்கீல், வியாபாரி, பட்டாளத்துக்காரர் எல்லாம் சேர்ந்து அதை ஒரு நல்லொழுக்க சகோதர சங்கமாக மாற்றிக்கொண்டார்கள். உளி, சுத்தி, மட்டக்கோல், கவராயம் எல்லாம் அங்கே அடையாளச் சின்னங்கள். புதிதாகச் சேருகிறவர் மூன்று படி ஏற வேண்டும். முதல் படி தொழில் பழகும் பையன், அடுத்தது கூட்டாளி, மூன்றாவது மேஸ்திரி. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. சிற்பியிடம் சீடனாகச் சேர்ந்து ஸ்தபதி ஆகிற முறைதானே.

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் இதுவும் போனது. பினாங்கில் 1809-இல் ஒரு லாட்ஜ், சிங்கப்பூரில் 1845-இல் ஒரு லாட்ஜ் தொடங்கினார்கள். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து ஒருவர் சேர விண்ணப்பித்தபோது, இந்துக்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய வழக்கடியே நடந்தது. அவர் விடாமல் எழுதி எழுதி, கடைசியில் 1872-இல்தான் உள்ளே போனார். அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1884 பிப்ரவரியில், அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். அவரைத்தான் நாம் சுவாமி விவேகானந்தர் என்று வணங்குகிறோம். ஆக, பேய் பிசாசு என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அதற்காக யாரையும் அங்கே போய்ச் சேரச் சொல்லவும் இல்லை. எங்களுக்கு வேண்டியது அவர்கள் வரலாற்றைத் தேடிய முறை மட்டும்தான்.

பெருமைக்கு எழுதிய வரலாறு

அவர்களுக்கும் நம்முடைய பிரச்சினைதான். "எங்கள் சங்கம் எவ்வளவு பழசு?"

1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் இவர்களுக்குச் சட்டப் புத்தகம் எழுதினார். அதன் முன்னால் ஒரு வரலாறும் சேர்த்தார். அந்த வரலாறு எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஆதாமிடமிருந்து! உலகின் முதல் மனிதனுக்கே இந்தக் கலை தெரியுமாம். பிறகு ஜெருசலேமில் சாலமன் ராஜா கட்டிய கோவில். அதைக் கட்டிய தச்சர்கள் வழியாகத் தாங்கள் வந்ததாக ஒரு பரம்பரைக் கதை. அடுத்தடுத்து வந்தவர்கள் இன்னும் இன்னும் சேர்த்தார்கள். பெரிய பெயர் எது கிடைத்தாலும் "அவரும் நம்ம ஆள்தான்" என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் "ஆதாரம் எங்கே" என்று கேட்கவில்லை. கேட்டால் சங்கத்தின் மேல் பக்தி இல்லாதவன் என்று பெயர் வந்துவிடும்.

நூற்றைம்பது வருஷம் போன பிறகு, அந்தச் சங்கத்துக்குள்ளேயே சிலருக்கு இது உறுத்தியது. நம் சங்கத்தை நாம் நேசிக்கிறோம், அதனால்தான் அதைப்பற்றி உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். லண்டனில் ஒன்பது பேர் கூடினார்கள். பட்டாளத்தில் இருந்து வக்கீலான ராபர்ட் ஃப்ரீக் கூல்ட், ஊர் ஊராகப் பழைய ஓலை தேடிய நம்ம உ.வே.சா. மாதிரி பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிய வில்லியம் ஹியூகன், உட்ஃபர்ட் என்ற பாதிரியார், வால்டர் பெசன்ட் என்ற நாவலாசிரியர், எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்த ஜார்ஜ் ஸ்பெத் ஆகியோர் அதில் அடக்கம். தலைவர் சர் சார்லஸ் வாரன். இவர் யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மண்ணைத் தோண்டிய தலைவர்

வாரன் பட்டாளத்து இன்ஜினியர். 1867 முதல் 1870 வரை ஜெருசலேமில் அகழாய்வு செய்தார். சாலமன் கோவில் இருந்ததாகச் சொல்லப்படும் மேட்டின் உள்ளே தோண்ட அனுமதி இல்லை. அதனால் மதிலுக்கு வெளியே ஆழமான குழி இறக்கி, பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி, இடிபாட்டுக்கு நடுவே தவழ்ந்து போய், மதிலின் அடிக்கல்வரை அளந்து வரைபடம் போட்டார். அவர் கண்டுபிடித்த ஒரு பாறைச் சுரங்கத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

யோசித்துப் பாருங்க. சாலமன் கோவில் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட சங்கம் அது. அந்தக் கதையோடு நிற்காமல், அந்த இடத்துக்கே போய் நிலத்துக்குள் இறங்கி அளந்தவரைத்தான் ஆராய்ச்சி சபைக்கு முதல் தலைவராக வைத்தார்கள்.

சபைக்கு அனுமதிப் பத்திரம் கிடைத்தது 1884 நவம்பர் 28. ஆனால் உடனே தொடங்க முடியவில்லை. வாரனைத் தென்னாப்பிரிக்காவுக்குப் பட்டாளத்தோடு அனுப்பிவிட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் அவர் வரும்வரை காத்திருந்தார்கள். 1886 ஜனவரி 12-இல்தான் திறப்புச் சடங்கு நடந்தது. பெயர் க்வாட்டுவர் கொரோனாட்டி லாட்ஜ், எண் 2076. லத்தீன் மொழியில் "முடிசூடிய நால்வர்" என்று பொருள். ரோமாபுரி மன்னன் சொன்ன சிலையைச் செதுக்கத் தங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்து உயிரை விட்ட சிற்பிகளின் கதை அது. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தச் சிற்பிகள் நாலு பேரா, ஐந்து பேரா என்று பழைய ஏடுகளிலேயே குழப்பம். ஆராய்ச்சி சபைக்கு வைத்த பெயரே ஆராய்ச்சிக்குரியது!

கியூ.சி. என்ன செய்யும்?

பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினால் கியூ.சி. இதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர்கள் நாங்கள். அங்கேயும் கியூ.சி. உண்டு. தரம் பார்க்கிற பிரிவு. அவங்க ஒரு சாமான்கூடச் செய்ய மாட்டாங்க. நாம செய்ததை எடுத்து அளந்து பார்ப்பாங்க. சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமா வைப்பாங்க. புரொடக்‌ஷன் ஆளுங்களுக்கு அவங்க மேல கோபம் வரும். ஆனா அவங்க இல்லைன்னா கம்பெனி பெயர் கெட்டுப் போகும்.

ஆராய்ச்சி லாட்ஜும் அப்படித்தான். மற்ற லாட்ஜுகளின் முக்கிய வேலை புதிய ஆளைச் சேர்த்து, சடங்கு செய்து, படி ஏற்றுவது. ஆராய்ச்சி லாட்ஜ் புதிய ஆள் யாருக்கும் சடங்கு செய்து சேர்ப்பதில்லை. வேறு லாட்ஜில் சேர்ந்து மூன்று படியும் ஏறி முடித்தவர்தான் இங்கே வரலாம். அவரும் ஏதாவது ஆராய்ந்து எழுதிக் காட்டியிருக்க வேண்டும். பணம் இருக்கிறது, பதவி இருக்கிறது என்றால் போதாது. முழு உறுப்பினர் எண்ணிக்கைக்கும் 40 என்று வரம்பு வைத்தார்கள்.

கூட்டம் நடக்கும் முறை இதுதான். ஒருவர் கட்டுரை எழுதுவார். அது முன்கூட்டியே மற்றவர்கள் கைக்குப் போய்விடும். கூட்டத்தில் படிக்கப்படும். படித்து முடித்ததும் கைதட்டிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட மாட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து, "இந்த இடத்தில் ஆதாரம் போதாது", "இந்தக் கையெழுத்துப் பிரதி நீங்கள் சொல்கிற காலத்தது இல்லை" என்று சொல்வார்கள். வர முடியாதவர் எழுதி அனுப்புவார். கட்டுரையாளர் பதில் சொல்வார். பிறகு கட்டுரை, அதன் மேல் வந்த குறைகள், அவற்றுக்குச் சொன்ன பதில் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு மலரில் அச்சிடுவார்கள். தப்பென்று சொன்னவர் பேச்சும் அதே புத்தகத்தில் இருக்கும். நூறு வருஷம் கழித்துப் படிக்கிறவன் இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளலாம்.

எங்கள் கூட்டத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. நம்ம கூட்டத்தில் ஒருவர் குறை சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வர மாட்டார்.

நாற்பது பேர் மட்டும் என்றால் மற்றவர்கள் என்ன செய்வது? அதற்கு ஸ்பெத் ஒரு வழி கண்டார். 1887-இல் "கடிதத் தொடர்பு வட்டம்" என்று ஒன்று தொடங்கினார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சந்தா கட்டிச் சேரலாம். மலர் தபாலில் வரும். தன் ஊர் லாட்ஜில் கிடைத்த பழைய ஏடு, செப்பு முத்திரை, கல்வெட்டு பற்றி எழுதி அனுப்பலாம். நாளடைவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இன்டர்நெட் இல்லாத காலத்தில் தபால்தலை ஒட்டியே நடத்திய வாட்ஸ்அப் குழு என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரே வித்தியாசம், அங்கே வந்த செய்தியைச் சரிபார்த்துத்தான் அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

பழைய ஏடுகளை அப்படியே படியெடுத்து அச்சிட்டதும் அவர்கள் செய்த பெரிய வேலை. கல்தச்சர்களின் ஒழுக்க விதிகளைச் சொல்லும், ஏறத்தாழ 600 வருஷம் பழமையான ஒரு பாட்டு ஏடு லண்டனில் ராஜாவின் நூலகத்திலிருந்து வந்த தொகுப்பில் கிடந்தது. அதை அடையாளம் கண்டு 1840-இல் வெளியிட்டவர் ஹாலிவெல் என்ற அறிஞர். அவர் ஃப்ரீமேசன்கூட இல்லை! வெளியாள் கண்டுபிடித்ததை இவர்கள் மரியாதையோடு ஏற்று, 1889-இல் தங்கள் ஏட்டுத் தொகுப்பின் முதல் புத்தகத்திலேயே சேர்த்தார்கள்.

தன் பிறந்தநாளையே சோதித்த சபை

எங்களை ரொம்பவும் தொட்டது இனிமேல் சொல்லப்போவதுதான்.

இங்கிலாந்து ஃப்ரீமேசன்கள் தங்கள் தலைமைச் சபை 1717 ஜூன் 24-இல் லண்டனில் ஒரு சாராயக் கடை மாடியில் நாலு லாட்ஜுகள் கூடித் தொடங்கியது என்று சொல்வார்கள். 2017-இல் 300-வது ஆண்டு விழா. லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெரிய கொண்டாட்டம்.

அந்த விழாவுக்கு ஏறத்தாழ ஒரு வருஷத்துக்கு முன்னால், 2016 செப்டம்பரில், இதே ஆராய்ச்சி லாட்ஜ் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு நடத்தியது. அதில் ஆண்ட்ரூ பிரஸ்காட், சூசன் சாமர்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்களின் கட்டுரை வந்தது. அவர்கள் சொன்னது என்ன? 1717 என்ற கதையை முதலில் சொன்னவர் அதே ஆண்டர்சன்தான். அதுவும் 1738-இல் வந்த இரண்டாம் பதிப்பில். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 21 வருஷம் கழித்து! 1723-இல் அவரே எழுதிய முதல் பதிப்பில் 1717 பற்றி ஒரு பேச்சும் இல்லை. தலைமைச் சபையின் கூட்டக் குறிப்பேடும் 1723-லிருந்துதான் இருக்கிறது. அந்தக் காலத்து நாட்குறிப்புகளையும் மற்ற ஏடுகளையும் பார்த்தால், மாண்டேகு பிரபு தலைவரான 1721-தான் உண்மையான தொடக்கம் என்பது அவர்கள் வாதம்.

பெரிய விழாவுக்கு எல்லாம் தயார். அந்த நேரத்தில் "வருஷமே தப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம்ம ஊராக இருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்போம். அவர்கள் பிடுங்கவில்லை. கட்டுரை அச்சானது. மறுத்தவர்களும் ஆதாரத்தோடு எழுதினார்கள். "ஆண்டர்சன் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டுத்தான் எழுதினார், அவரை முழுசாகத் தள்ளிவிட முடியாது" என்பது அவர்கள் பக்கம். விழாவும் நடந்தது, விவாதமும் நடந்தது. சங்கம் உடைந்து போகவில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு அந்தப் பாட்டியும், அலுவலகப் பலகையும், பழைய மலரும்தான் ஞாபகம் வந்தது. சம்பவம் நடந்த காலத்து எழுத்து ஒன்று. 21 வருஷம் கழித்து எழுதியது இன்னொன்று. கேட்டு வளர்ந்த வாய்வார்த்தை மூன்றாவது. மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எது எந்த வகை என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அடித்துக்கொண்டது இது தெரியாததால்தான்.

வாரன் நம்ம பக்கம் வந்தார்

வாரன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். 1886-இல் அவர் லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார். "ஜாக் தி ரிப்பர்" கொலைகள் நடந்தது அவர் காலத்தில்தான். கெட்ட பெயரோடு 1888-இல் பதவி விலகினார். அடுத்து அவரை எங்கே அனுப்பினார்கள்? சிங்கப்பூருக்கு! 1889 முதல் 1894 வரை அங்கே பட்டாளத் தலைவர். 1891-இல் இந்த வட்டார ஃப்ரீமேசன்களுக்கும் அவரே தலைவரானார். தம்பி படம் பிடித்த அந்தக் கோல்மன் ஸ்திரீட் மண்டபம் அப்போதே அங்கே இருந்தது.

அதே காலத்தில் சிங்கப்பூர் பூங்காவில் ரிட்லி என்பவர் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து, "இதை நடுங்கள்" என்று தோட்டத் துரைகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு நட்ட மரங்களுக்குப் பால் வெட்டத்தான் நம்ம தாத்தா பாட்டிகள் கங்காணி பின்னால் கப்பல் ஏறி வந்தார்கள். தோட்டம் வந்தது, லயம் வந்தது, லயத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் வந்தன. நம்ம கோவில்கள் பிறந்த கதை அதுதான். துரை வீட்டுக் கணக்கு லண்டன் கம்பெனிக்குப் போனது. நம்ம மரத்தடிக் கல்லின் கணக்கை யார் எழுதினார்கள்?

நமக்கும் இந்த வழக்கம் இருந்தது

வெள்ளைக்காரனிடம்தான் இதைக் கற்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் நம்மிடமே இருக்கிறது.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி சிவன் கோவில் இருக்கிறது. தேவாரம் பாடிய தலம். முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் அந்தக் கோவில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். பிரித்தால் சுவரில் இருந்த பழைய கல்வெட்டெல்லாம் போய்விடுமே! அதனால், பிரிப்பதற்கு முன்னால் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்க உத்தரவானது. அவர் மகன் ராஜேந்திரன் காலத்தில், புதுச் சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். யாரோ கொடுத்த விளக்கு, யாரோ கொடுத்த நிலம். செத்துப் போனவர்களின் தர்மம்தான். அதைக்கூட அழிய விடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம ஆளுங்க திருப்பணி செய்த முறை அது.

நம்ம நாட்டிலும் நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகளார் பலரோடு சேர்ந்து 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் நம்ம கோலாலம்பூரில்தான். தமிழ் மேல் பாசம் இருந்தால் போதாது, அறிஞர்கள் கட்டுரை படித்து ஆதாரத்தோடு வாதாட வேண்டும் என்று காட்டிய மாநாடு அது. பெரிய அளவில் அவர்கள் செய்ததைச் சின்ன அளவில் ஒரு தோட்டக் கோவிலுக்கு நாம் செய்யக்கூடாதா?

நாங்கள் இழந்தது

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம். முந்தைய திருப்பணியின்போது பழைய தகரக் கொட்டகையைப் பிரித்தோம். அப்போது ஒரு பலகை இருந்தது. உபயம் கொடுத்தவர்கள் பெயர் தாரால் எழுதியிருந்தது. எழுத்து மங்கிவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. தோட்டத்தில் கிராணியாக இருந்த ஒரு பெரியவரின் வீட்டில் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கு. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் கேட்டுப் போனபோது, "போன வருஷம் வந்திருக்கக் கூடாதாப்பா" என்றார். அவரும் இப்போது இல்லை.

இதில் சிலர் பயப்படுவது எங்களுக்குப் புரிகிறது. "அம்மன் கனவில் வந்து இடம் காட்டினாள் என்பதற்கும் ஆதாரம் கேட்பீர்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்க மாட்டோம், அக்கா. அம்மன் வந்தது பக்தி. அதை அளக்க எங்ககிட்ட கோல் இல்லை. ஆனால் கனவு கண்டவர் யார், எந்த லயத்தில் இருந்தார், அவர் பேர் என்ன என்பது வரலாறு. அந்த அம்மாவின் பேரைத் தொலைத்துவிட்டு அம்மன் புகழை மட்டும் பாடினால், அம்மனுக்கே அது பிடிக்காது.

நாங்கள் செய்யப் போவது

கூட்டத்தில் இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டது இது:

மலரில் ஒரே வருஷம் போடப் போவதில்லை. மூன்றையும் போடுகிறோம். பழைய மலர் இப்படிச் சொல்கிறது, பலகை இப்படிச் சொல்கிறது, பாட்டி இப்படிச் சொல்கிறார் என்று யார் சொன்னது என்பதோடு எழுதுகிறோம். பேசாமல் இருந்த இரண்டு பெரியவர்களும் அதில் ஆளுக்கு ஒரு பத்தி எழுதித் தருகிறார்கள்.

பெரியவர்களைக் கைப்பேசியில் பதிவு செய்கிறோம். "எந்த வருஷம்" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "பாலம் கட்டினதுக்கு முன்னாடியா பின்னாடியா? ஜப்பான்காரன் வந்தப்போ நீங்க எவ்வளவு உயரம்? அவசரகாலத்தில் கம்பி வேலி போட்டப்போ கோவில் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டால் தெரியும். பாலம் 1924, ஜப்பான்காரன் ஜொகூர் பாருவைப் பிடித்தது 1942 ஜனவரி கடைசி, அவசரகாலம் 1948-இல் தொடக்கம். இப்படி முளை அடித்து முளை அடித்துத்தான் காலத்தைக் கட்ட முடியும்.

கிடைக்கும் எந்தக் காகிதத்தையும், சீட்டையும், பலகையையும் முதலில் படம் எடுப்போம். பிறகுதான் சுத்தம், வெள்ளையடிப்பு எல்லாம்.

யாராவது "இது தப்பு" என்று சொன்னால், அதையும் எழுதி வைப்போம். சொன்னவருக்கு நன்றி சொல்வோம்.

அடுத்த ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வீட்டில் பழைய போட்டோ, திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீது, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தாத்தா கப்பலேறி வந்த காகிதம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு உங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். கொண்டு வர எதுவும் இல்லை என்றால் வீட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வாங்க. நாற்காலியும் சுடுதண்ணியும் ரெடியா இருக்கும்.

அந்த எட்டுப் பேரும் தங்கள் தலைவருக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து தொடங்கினார்கள். நம்ம பாட்டிகளுக்கு அவ்வளவு நேரம் இல்லைங்க.

அம்மன் துணை.

உலு திராம் ஆலயத் தொண்டர்கள்